துவாய் எதைத் தடுக்கும்?

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் விடியற்புறம் மருந்தடிப்பவரின் முகத்தில் பெரும்பாலும் ஒரு துவாய்தான் இருக்கும். சிலர் அதை நனைத்தும் கட்டுவார்கள். வீடு கட்டும் இடத்தில் மாபிள் வெட்டும் பொடியனின் முகத்திலும் துவாய். வெல்டிங் செய்யும் ஒட்டுக்கடையில் கல்வனைஸ் பைப் ஒட்டுபவருக்கும் அதேதான். மூன்று பேரும் சுவாசிப்பது மூன்று வேறு பொருள்கள். முதலாமவருக்கு நஞ்சுத் துளியும் ஆவியும், இரண்டாமவருக்குக் கல்லுத் தூள், மூன்றாமவருக்கு உலோகப் புகை. துவாய் இவற்றில் ஒன்றையும் உருப்படியாகத் தடுப்பதில்லை. நனைத்த துவாய் இன்னும் மோசம். மருந்துத் துளியை உறிஞ்சி, வாய்க்கும் மூக்குக்கும் நேர் எதிரே வேலை முடியும்வரை பிடித்து வைத்திருக்கும்.

வேலைத்தளங்களில் "போட்டனியோ?" என்று கேட்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எதற்கு எதிராகப் போட்டிருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு கவசமும் ஒரு குறிப்பிட்ட ஆபத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. அந்தக் கணக்குக்கு வெளியே அது வெறும் உடுப்பு. சில வேலைகளில் கவசமே ஆளை இழுத்து விழுத்தும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கவசம் என்பது வேறு வழி எல்லாம் தீர்ந்த பிறகு வருவது. ஆபத்தான பொருளையே விலக்க முடியுமா, குறைந்த ஆபத்துள்ளதை வைக்க முடியுமா, தூளை எழும்பும் இடத்திலேயே தண்ணீர் விட்டு அடக்க முடியுமா, அந்த வேலையில் நிற்கும் ஆட்களையும் நேரத்தையும் குறைக்க முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் மாஸ்க்கிலும் கையுறையிலும் கைவைக்க வேண்டும். பரகுவாட், டைமெத்தோவேற், பென்தியோன் ஆகிய மூன்றையும் 2008 முதல் 2011 வரை இலங்கை படிப்படியாகத் தடைசெய்தது. அந்தத் தடை காத்த உயிர்களை எந்த மாஸ்க்காலும் காத்திருக்க முடியாது. ஆனாலும் மிச்ச மருந்துகள் கடையில் இருக்கின்றன. வெங்காயத்தில் பூச்சி விழுகிறது, கூரை போட வேண்டியிருக்கிறது, கேற் ஒட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே கவசத்தைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

மாஸ்க்கிலிருந்து தொடங்குவோம். அதிகம் ஏமாற்றுவது அதுதான்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்த நீல நிற சேர்ஜிக்கல் மாஸ்க், அணிபவரின் எச்சில் துளி மற்றவர்மேல் படாமல் இருப்பதற்கானது. கன்னத்தின் இரு பக்கமும் அது திறந்தே கிடக்கும். காற்று எப்போதும் இலகுவான வழியால்தான் போகும். இழுக்கும் மூச்சில் பெரும்பங்கு அந்த இடைவெளியால் வடிகட்டப்படாமல் உள்ளே வரும். தூளுக்கும் புகைக்கும் வேண்டியது முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 அல்லது எஃப்எஃப்பி2. முதலாவது அமெரிக்க அளவுகோல், மிக நுண்ணிய துகள்களில் குறைந்தது 95 வீதத்தைத் தடுக்கும். இரண்டாவது ஐரோப்பிய அளவுகோல், 94 வீதம். எஃப்எஃப்பி3 என்றால் 99 வீதம். பழைய அஸ்பெஸ்ரஸ் சீற் கழற்றும் வேலைக்கு அந்த மூன்றாவது வகைக்குக் கீழே இறங்கவே கூடாது. சீற்றை நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்க வேண்டும்.

இந்த வீதங்கள் எல்லாம் மாஸ்க்கின் துணிக்குரியவை, உங்கள் முகத்துக்குரியவை அல்ல. விளிம்பில் ஒரு பென்சில் கனத்துக்கு இடைவெளி இருந்தாலே 95 என்ற எண்ணுக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். இரண்டு பட்டி உள்ள மாஸ்க்கில் மேற்பட்டி உச்சந்தலைக்கும் கீழ்ப்பட்டி காதுக்குக் கீழே பிடரிக்கும் போக வேண்டும். இரண்டையும் பிடரியிலேயே போடுவதும், கீழ்ப்பட்டியை வெட்டி எறிவதும் இங்கே வழமையாக நடக்கிறது. இரண்டுமே மாஸ்க்கைக் கொன்றுவிடும். மூக்குத் தகட்டை இரு கை விரல்களாலும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் தகடு கூராக மடிந்து அந்த மடிப்பாலேயே காற்று புகும். பிறகு இரு கைகளாலும் மாஸ்க்கை மூடிப் பலமாக மூச்சை இழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்வாங்க வேண்டும். மூச்சை விடும்போது கண்ணுக்குள் காற்று அடித்தாலோ கண்ணாடியில் புகார் படிந்தாலோ மூக்குப் பக்கம் கசிகிறது. இந்தப் பரிசோதனைக்குப் பத்துச் செக்கன் போதும், ஆனால் ஒவ்வொரு முறை போடும்போதும் செய்ய வேண்டும்.

தாடி இருந்தால் இந்த மாஸ்க் எதுவும் வேலை செய்யாது. ஒரு நாள் முளைத்த முள்ளுத் தாடியே விளிம்பைத் தூக்கிவிடும். நம் ஊரில் இது அழகுக்காக வளர்க்கும் தாடியோடு முடிகிற விடயமல்ல. ஐயப்பனுக்கு மாலை போட்டவர் சவரம் செய்ய மாட்டார். தாய் தகப்பனை இழந்தவர் அந்தியேட்டி முடியும்வரை 31 நாள் முகம் வழிக்க மாட்டார். அவரை வழிக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. அந்த நாட்களில் அவருக்குக் கல் வெட்டாத, மருந்தடிக்காத வேலையைக் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. தாடியோடும் அணியக்கூடிய, மோட்டார் வைத்துக் காற்றுத் தள்ளும் தலைமூடி வகைகள் உலகில் உண்டு. விலையைப் பார்த்தால் நம் சிறு பட்டறைகளுக்கு எட்டாது.

இனி ஆவி. என்95 எவ்வளவு நல்லதென்றாலும் தின்னர் மணத்தை நிறுத்தாது, மருந்தின் ஆவியையும் நிறுத்தாது. தூள் வடிக்கும் துணிக்குள்ளால் வாயு தாராளமாகப் போகும். ஆவிக்கு வேண்டியது கரி நிரப்பிய கார்ட்ரிஜ் பூட்டிய ரப்பர் அரைமுகக் கவசம். இதில் நிறம் பார்த்து வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஐரோப்பிய முறையில் தின்னர் போன்ற கரிமக் கரைப்பான் ஆவிக்குப் பழுப்பு நிறம், அமெரிக்க முறையில் கறுப்பு. ஐரோப்பிய வெள்ளைப் பட்டி தூளைக் குறிக்கும், அமெரிக்க வெள்ளை அமில வாயுவைக் குறிக்கும். ஐரோப்பிய மஞ்சள் கந்தக ஈரொட்சைட்டு போன்ற அமில வாயுவுக்கு, அமெரிக்க மஞ்சள் அமில வாயுவுக்கும் கரைப்பான் ஆவிக்கும் சேர்த்து. கடைக்கு இரண்டு முறைச் சரக்கும் வரும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் மேலே அச்சடித்த எழுத்தைப் பாருங்கள். மருந்தடிக்கக் கரைப்பான் ஆவிக்குரிய கார்ட்ரிஜும், துளியைப் பிடிக்க அதன் முன்னால் தூள் வடியும் சேர்ந்தே வேண்டும். ஐரோப்பிய முறையில் அது பழுப்பும் வெள்ளையும் சேர்ந்த பட்டி.

கார்ட்ரிஜை ஆணியில் தொங்கவிட்டால் அதன் ஆயுள் அங்கேயே கரைந்து போகும். கரிக்கு வேலை நேரம், ஓய்வு நேரம் தெரியாது. காற்றில் இருக்கும் எதையும் இரவு முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கழற்றியதும் காற்றுப் புகாத பையில் போட்டு, திறந்த திகதியைப் பையில் எழுதுங்கள். மருந்தடிக்கும் வேலையில் லேபல் வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஒரு நாள் வேலையோடு மாற்றுவதே விதி. "மணம் வரும்போது மாத்துவம்" என்பது கைகொடுக்காது. மூக்கு மணத்துக்குப் பழகிவிடும், சில ஆவிகளுக்கு மணமே இல்லை. கராஜ்களில் ஹாட்னர் கலந்து அடிக்கும் டூகே பெயின்றில் உள்ள ஐசோசயனேற் அப்படிப்பட்டது. மணம் தெரியும் முன்பே நெஞ்சைப் பிடித்து ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். அதற்குச் சரியானது, வெளியிலிருந்து குழாயால் சுத்தமான காற்று வரும் கவசம்தான்.

மருந்தடிக்கும் தோட்டக்காரர்கள் எல்லாக் கவனத்தையும் மூக்கில் வைத்துவிட்டுத் தோலை மறந்துவிடுகிறார்கள். மருந்து உடம்புக்குள் போகும் பெருவழி தோல்தான். தோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. முன்கையோடு ஒப்பிட்டால் நெற்றியும் காதுத் துவாரமும் பல மடங்கு கூடுதலாக உறிஞ்சும். விதைப்பை பத்து மடங்குக்கு மேல். பரத்தியோன் என்ற பூச்சிகொல்லியை வைத்து மனிதத் தோலிலேயே அளந்த கணக்கு இது. சாரத்தை மடித்துக் கட்டி, மூடி கசியும் 16 லீற்றர் மெசினை முதுகில் சுமப்பவருக்கு மருந்து எங்கே வடிந்து சேரும் என்று யோசித்துப் பாருங்கள். முதுகால் இறங்கி இடுப்பில் சாரம் நனையும். அந்த ஈரத்தோடுதான் அவர் வேலை முடியும்வரை நடக்கிறார். ஆகவே முதல் கவசம் கசியாத மெசின். மூடியின் ரப்பர் வளையம், கைபிடி வால்வு, குழாய் இணைப்பு மூன்றையும் வெறும் தண்ணீர் நிரப்பி அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் மருந்து ஊற்ற வேண்டும். முதுகுக்கும் மெசினுக்கும் இடையில் ஒரு தடித்த பொலித்தீன் விரிப்பைக் கட்டுங்கள். முழுக்கைச் சேட்டும் நீளக் காற்சட்டையும் பருத்தியில் இருந்தால் போதும். சாரம் வேண்டாம்.

கையுறை நைற்றைல் ரப்பராக, உள்ளே துணி இல்லாததாக, ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர் தடிப்பாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய கையுறைக்குள்ளால், மருந்தோடு கலந்திருக்கும் சைலீன் போன்ற கரைப்பான்கள் சில நிமிடத்தில் கடந்துவிடும். தோல் கையுறையும் துணிக் கையுறையும் அடியோடு கூடாது. ஒருமுறை ஊறினால் கழுவி எடுக்க முடியாது, பிறகு ஒவ்வொரு நாளும் மருந்தைக் கையில் பூசிக்கொள்வது போலத்தான். போடுமுன் கையுறைக்குள் காற்றை அடைத்து வாயைச் சுருட்டி அழுத்துங்கள். விரல் நுனியில் ஊசித்துளை இருந்தால் காற்று சீறும்.

சேட்டுக் கை கையுறைக்கு மேலேயா, உள்ளேயா? இதற்கு ஒரே பதில் இல்லை. வெங்காயம், மிளகாய், புகையிலைக்குக் கை கீழே நோக்கி இருக்கும், துளி விரல் பக்கம்தான் வடியும். அப்போது சேட்டுக் கை வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் கையுறை வாயாலே உள்ளே இறங்கும். திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று மேல்நோக்கி அடிக்கும்போது கை உயர்ந்திருக்கும், துளி முழங்கை பக்கம் வடியும். அப்போது கையுறை சேட்டுக்கு வெளியே வந்து, அதன் வாயை ஒரு அங்குலம் வெளிப்பக்கமாக மடித்துவிட வேண்டும். மடிப்பு ஒரு பீலிபோல வடிவதைத் தாங்கும். பந்தல் வேலைக்கு அகன்ற விளிம்புத் தொப்பியும் முகத்துக்கு நேரே தெளிந்த கேடயமும் கட்டாயம். காற்சட்டை எப்போதும் ரப்பர் பூட்ஸுக்கு வெளியேதான். உள்ளே சொருகினால் பூட்ஸ் ஒரு வாளியாகிவிடும்.

நாள் முழுதும் மிக ஆபத்தான நேரம் அடிக்கும் நேரமல்ல, கலக்கும் நேரம். போத்தலில் இருப்பது தண்ணீர் சேராத மருந்து. தெறிக்கும் ஒரு துளி, ஸ்பிறேயரில் வரும் துளியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு செறிவானது. அதனால்தான் லேபலின் அடியில் உள்ள படக் கீற்றில் இரண்டு பக்கம் இருக்கிறது. இடது பக்கம் கலக்கும்போது அணிய வேண்டியவை, வலது பக்கம் அடிக்கும்போது அணிய வேண்டியவை. அந்தக் கீற்றின் நிறம் நஞ்சின் அளவைச் சொல்லும். சிவப்பு மிகக் கொடியது, பிறகு மஞ்சள், நீலம், பச்சை. கலக்கும்போது முகக்கேடயமும் நீர்புகா முன்மடிப்பும் (ஏப்ரன்) கூடுதலாகப் போடுங்கள். தாங்கியில் பாதி தண்ணீர் விட்டபின் மருந்தை அளந்து ஊற்றி, மிச்சத் தண்ணீரை நிரப்புங்கள். வெறும் போத்தலை மூன்று முறை அலசி அந்த நீரையும் தாங்கியிலேயே விட்டு, போத்தலில் ஓட்டை போடுங்கள். மண்ணெண்ணெய் வாங்கவும் தண்ணீர் எடுக்கவும் அது திரும்பி வரக்கூடாது. இதையெல்லாம் கிணற்றடியில் செய்யாதீர்கள். யாழ்ப்பாணத்தில் நமக்குக் குடிக்க இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் நிலத்தடி நீர்தான். கிணற்றுக் கட்டில் ஊற்றியது அந்த நீரிலேயே போய்ச் சேரும்.

நொசில் அடைத்தால் வாயால் ஊதுவார்கள். சொல்லவே நடுங்குகிறது. ஈர்க்கால் குத்தித் தண்ணீரால் அலசினால் போதும். கம்பியால் குத்தினால் துவாரம் பெருத்துத் துளியும் மாறிவிடும். சோளகம் வீசும் மாதங்களில் வெயில் ஏற முன் அடித்து முடிப்பதும், காற்றுக்குக் குறுக்காக, அடித்த பக்கத்துக்குள் திரும்ப நடக்காமல் போவதும் எந்தக் கையுறைக்கும் குறைந்த பாதுகாப்பல்ல. வெக்கைக்கும் அதுவே பதில். முழு உடுப்பில் பத்து மணி வெயிலில் ஒருவரை நிறுத்திவிட்டு, அவர் கழற்றி எறிந்தால் கோபிக்க முடியாது.

கழற்றும் ஒழுங்கைப் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். கையுறையை முதலில் கழற்றிவிட்டு வெறும் கையால் நனைந்த பூட்ஸை இழுத்தால், போட்டதெல்லாம் வீண். கையில் கிடக்கும்போதே கையுறையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிறகு முன்மடிப்பு, பூட்ஸ், முகக்கேடயம், மேலுடுப்பு, அதன்பின் மாஸ்க். கையுறையை மீண்டும் கழுவிக் கடைசியில் கழற்றுங்கள். அதன்பின் கை முகம் கழுவிக் குளிப்பு. அதற்கு முன் வெற்றிலை, பீடி, தேத்தண்ணி எதுவும் இல்லை. உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்து ஊறவைக்கக் கூடாது. துவைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான், மருந்து அடிக்காத அவரும் கையுறை போட வேண்டும். யாருக்காவது தலைச்சுற்று, வியர்வை, எச்சில் வடிதல், கண்மணி சுருங்குதல் கண்டால் உடுப்பைக் களைந்து கழுவி, 1990 அம்புலன்சை அழைத்து, போத்தல் லேபலைக் கையோடு கொடுத்துவிடுங்கள்.

ஒட்டுக்கடைக்கு வருவோம். 3.2 மில்லிமீற்றர் குச்சியால் 100 அம்பியர் அளவில் ஒட்டுவதற்கு 10 அல்லது 11ஆம் எண் கறுப்புக் கண்ணாடி வேண்டும். வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸ் இதற்கு எவ்விதத்திலும் ஈடாகாது. வெளிச்சம் மங்குவதால் கண்மணி விரியும், புற ஊதாக் கதிர் தாராளமாகப் போகும். கண் வெந்ததன் வலி உடனே தெரியாது. 6 முதல் 12 மணித்தியாலம் கழித்து, நடுச்சாமத்தில் கண்ணுக்குள் மண் அள்ளிப் போட்டதுபோல வரும். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வெட்டி வைப்பது எல்லாம் கிருமியைத்தான் சேர்க்கும். கண் வைத்தியரிடம் போங்கள். ஹோல்டர் பிடிப்பவரைவிடப் பைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் கையாளுக்குத்தான் இது அடிக்கடி வருகிறது, ஏனென்றால் அவருக்கு யாரும் கேடயம் கொடுப்பதில்லை. தானாகக் கறுக்கும் ஹெல்மெற் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு காலையும் சென்சருக்கு முன்னால் லைற்றரைத் தட்டிக் கறுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கல்வனைஸ் பைப்பில் நாகம் (துத்தநாகம்) என்ற உலோகம் பூசியிருக்கும். ஒட்டும்போது எழும் மின்வில்லின் சூட்டில் அது ஆவியாகி வெள்ளைப் புகையாகும். அன்று பின்னேரம் குளிரும் காய்ச்சலும் உடம்பு உளைவும் வந்து அடுத்த நாள் குறையும். பால் குடித்தால் வராது என்பது பொய். ஒட்டும் இடத்தில் இரு பக்கமும் 5 சென்ரிமீற்றருக்குப் பூச்சை அரைத்து எடுங்கள், காற்றோட்டத்தில் நின்று எஃப்எஃப்பி2 போடுங்கள். பிறேக் கிளீனர் போன்ற குளோரின் கலந்த கரைப்பானால் துடைத்த இரும்பைக் காயவிடாமல் ஒட்டவே கூடாது. அந்தப் புகையில் பொஸ்ஜீன் உருவாகும், அது போர்க்காலத்து நச்சு வாயு. நைலோன், பொலியெஸ்ரர் சேட் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி மட்டும். மாரி காலத்தில் நனைந்த கையுறையோடு ஹோல்டரைத் தொடாதீர்கள். ஒட்டாமல் சும்மா இருக்கும்போது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ற்று வரை நிற்கும். வியர்த்த உடம்புக்கு அது போதும்.

கிறைண்டரைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும், ஆனால் ஒரு கணக்கே எல்லாவற்றையும் சொல்லிவிடும். 4 அங்குல மெசினின் காவலைக் கழற்றி 7 அங்குலத் தட்டுப் பூட்டுகிறார்கள். மெசின் நிமிடத்துக்கு 11,000 தடவை சுற்றும். 180 மில்லிமீற்றர் தட்டின் விளிம்பு அந்தச் சுற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 104 மீற்றர் வேகத்தில் ஓடும். தட்டிலே அச்சடித்திருக்கும் உச்ச வேகம் பொதுவாக 80 மீற்றர். தட்டு வெடிக்கும்போது அதன் துண்டை முகக்கேடயமும் நிறுத்தும் என்று எண்ணாதீர்கள். காவல்தான் கவசம். மரம் அரியும் பல்லுத் தட்டை இந்த மெசினில் பூட்டுவதற்கு எந்தக் கவசமும் இல்லை. தட்டின் நடு உலோக வளையத்தில் காலாவதித் திகதி இருக்கும், அதையும் பாருங்கள். கண்ணுக்குப் பக்கம் மூடிய பொலிகாபனேற் கண்ணாடி, அதற்கு மேல் முகக்கேடயம், இரண்டும் சேர்ந்து. கேடயத்தை மட்டும் போட்டால் தாடைப் பக்கமாகப் பொறி எழும்பி உள்ளே வரும். படிக்கும் கண்ணாடியைக் காட்டி "எனக்கு இருக்குத்தானே" என்பவர்களுக்கு: அது தட்டின் துண்டு பட்டால் உடைந்து கண்ணுக்குள்தான் போகும்.

அரைக்கும் சத்தம் 100 டெசிபெல் அளவில் இருக்கும். 85 டெசிபெல்லில் 8 மணித்தியாலம் தாங்கும் காது, 100இல் 15 நிமிடம்தான் தாங்கும் என்பது கணக்கு. பஞ்சு அடைப்பதில் பயன் மிகக் குறைவு. நுரைச் செருகியை மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னும் இழுத்து உள்ளே விட்டு, விரியும்வரை 30 செக்கன் பிடித்திருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தால் சரியாகப் போகவில்லை.

கையுறை கூடாத வேலையும் உண்டு. துளைபோடும் நிறுத்து மெசின், கடைசல் மெசின், ஓடாவியின் வட்ட வாள் ஆகியவற்றில் கையுறையின் ஒரு நூல் சிக்கினாலே கை முழுதாக உள்ளே போகும். சேட்டுக் கையை முழங்கைக்கு மேலே இறுக்கி மடியுங்கள், கையுறையைக் கழற்றுங்கள், கையிலும் கழுத்திலும் கட்டிய நூலையும் சங்கிலியையும் கழற்றி வையுங்கள்.

மேசன் வேலையில் சீமெந்தைப் பற்றிப் பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள், ஏனென்றால் அது சுடுவதில்லை. குழைத்த சீமெந்தின் பிஎச் 12க்கு மேல். தோலை அது மெதுவாகக் கரைக்கும், வலி தெரியும் நேரத்தில் புண் ஆழமாகியிருக்கும். பூட்ஸுக்குள் ஒரு கரண்டி சாந்து விழுந்தால் அப்படியே நின்று வேலை செய்யாதீர்கள். பூட்ஸ் இல்லாமல் நிற்பதைவிட அது கெடுதல், ஏனென்றால் சாந்து வெளியே போகாமல் தோலோடு அடைபட்டு நிற்கும். உடனே கழற்றி நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீர், பிறகு ஆஸ்பத்திரி.

கல்லுத் தூளில் நெஞ்சைக் கெடுப்பது குவாட்ஸ் என்ற கனிமம். நம் மண்ணின் சுண்ணாம்புக் கல்லில் அது குறைவு. குசினி மேசைக்கு வாங்கும் கிறனைற்றில் ஏறத்தாழ 30 வீதம், செயற்கைக் குவாட்ஸ் பலகையில் 90 வீதத்தையும் தாண்டும். இந்தச் செயற்கைக் கல்லை அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடைசெய்தது, ஏனென்றால் அதை வெட்டிய இளைஞர்கள், அந்தத் தூளால் நுரையீரல் கெடும் சிலிக்கோசிஸில் விழுந்தார்கள். அந்த நோய்க்கு மருந்து இல்லை. ஆகவே தண்ணீர் விட்டு வெட்டுங்கள். கையில் பிடிக்கும் கரண்ட் மெசினுக்குத் தண்ணீர் விடும்போது லைனில் 30 மில்லி அம்பியர் ட்றிப் சுவிட்ச் இருந்தே ஆக வேண்டும். தூளைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள். உடுப்பில் படிந்ததைக் கொம்பிறசர் காற்றால் ஊதித் தட்டாதீர்கள், வெட்டும்போது தப்பியதை அப்போது மூக்குக்குள் ஏற்றுவீர்கள்.

கூரை வேலையில் இடுப்புப் பட்டி மட்டும் கட்டுவது முதுகெலும்பை முறிக்கும். முழு உடல் வார்தான் வேண்டும். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2 மீற்றர் கயிறு, விழும்போது விரியும் அதிர்வுத் தாங்கிக்கு 1.75 மீற்றர், ஆளின் உடம்புக்கு 1.5, அடியில் மிச்சம் 1. கூட்டினால் 6.25 மீற்றர். காலடியில் கொக்கி மாட்டி ஒரு மாடி வீட்டுக் கூரையில் ஏறினால், கயிறு இறுகும் முன்பே நிலம் வந்துவிடும். அங்கே கயிற்றைக் குறுக்கி, தலைக்கு மேலே மாட்ட வேண்டும், அல்லது சாரக்கட்டு அமைத்து ஓரத்தை அடைக்க வேண்டும். தலைக்கவசத்துக்கு உள்ளே இருக்கும் பட்டிக்கும் ஓட்டுக்கும் நடுவிலுள்ள வெளிதான் அடியைத் தாங்குவது. அதற்குள் துவாயையும் வெற்றிலைச் சரையையும் சொருகுபவர்கள் அந்த வெளியை அழித்துவிடுகிறார்கள்.

முகமாலையில் கண்ணிவெடி அகற்றுபவர்களின் ஒழுங்கைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், கவசம் பழக்கமாகும்போது எப்படி இருக்கும் என்று. 5 மில்லிமீற்றர் தடித்த முகக்கேடயம், நெஞ்சை மறைக்கும் தடித்த மேலங்கி. வெயில் கொதித்தாலும் வேலைப் பாதைக்குள் நிற்கும்வரை கேடயத்தை உயர்த்துவதில்லை. வியர்வை துடைக்க வேண்டுமென்றால் வெளியே வந்து, குறித்த ஓய்விடத்தில்தான் துடைப்பார்கள். ஓய்வு நேரம் கணக்கிட்டுக் கொடுக்கப்படுகிறது. அவர்களில் பெண்கள் பலர், அளவுக்கேற்ற உடுப்போடு நிற்கிறார்கள். பட்டறையிலும் தோட்டத்திலும் இப்படி இருக்க முடியாதென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் பொறுப்பாக்கியே இருக்கிறது. கையுறை வாங்கும் காசைச் சம்பளத்தில் கழிப்பவர் அதை வாசிக்க வேண்டும்.

கடைசியாகக் கிணறு. இங்கே எந்த மாஸ்க்கும் வேலை செய்யாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மாஸ்க் போட்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வடிகட்டி காற்றைச் சுத்தமாக்கும், ஒட்சிசனை உண்டாக்காது. வெளிக்காற்றில் ஒட்சிசன் 20.9 வீதம். 19.5க்குக் கீழே வடிகட்டிக் கவசத்தோடு ஒருவரை அனுப்பக் கூடாது. பாழடைந்த கிணற்றில் குப்பை அழுகி ஒட்சிசன் குறையும். இன்னொரு வழியில் ஆளை விழுத்துவது தண்ணீர் இறைக்கும் நம் மண்ணெண்ணெய் மெசின்தான். தண்ணீர் ஆழத்தில் இருந்தால் மேலேயிருந்து உறிஞ்சாது, 7, 8 மீற்றருக்கு மேல் எந்தப் பம்பும் இழுக்காது. ஆகவே மெசினை உள்ளே இறக்கி ஓட்டுகிறார்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் இல்லாமல் கிணற்றுக்குள் நிரம்பும், கரிக் கார்ட்ரிஜ் அதைப் பிடிக்காது. மெசின் மேலேதான் நிற்க வேண்டும், ஆழத்துக்குக் கரண்டில் ஓடும் நீர்மூழ்கிப் பம்பை இறக்க வேண்டும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் பாதி உண்மை. விளக்கு அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. எரிந்தால் காற்று நல்லதென்று அர்த்தமில்லை, இந்தப் புகையை விளக்கு காட்டாது.

ஒருவர் இறங்கியே ஆக வேண்டுமென்றால் மேலேயிருந்து பெரிய விசிறியால் குழாய் வழியே காற்றை அடிக்குத் தள்ளிக்கொண்டே இருங்கள், வாயு அளக்கும் கருவியை முதலில் இறக்குங்கள், அவருக்கு முழு உடல் வார் பூட்டிக் கயிற்றின் மறுமுனையை இறங்குமுன்பே கப்பியில் மாட்டுங்கள். மேலே மூன்று பேர் நிற்க வேண்டும். கீழே இருப்பவர் பேசாமல் போனால் கப்பியை இழுப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. ஒருவரும் பின்னால் இறங்கக் கூடாது, இறங்குவது அண்ணனாக இருந்தாலும்.